சோளகத்துக்கு எதிரே உழக்கி வலது முழங்கால் நோகிறது: சீற்றின் உயரமா, வேறு ஏதாவதா?

தருமபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

வீடு தருமபுரம் பக்கம், வேலை கிளிநொச்சியில். என் வாசலிலிருந்து கந்தோர் வாசலுக்கு 16 கிலோமீற்றர். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது மோட்டார் சைக்கிளை மூடிவைத்துவிட்டு அப்பாவின் பழைய லுமாலா சைக்கிளை எடுத்து ஓடத் தொடங்கினேன். பெற்றோல் திரும்ப வந்த பிறகும் விட மனம் வரவில்லை. உடம்பு இலேசாகிவிட்டது, இரத்தத்தில் சீனியும் குறைந்தது, கடைசியில் மோட்டார் சைக்கிளையே விற்றுவிட்டேன். வயது 43.

இப்போது பிரச்சினை என்னவென்றால் வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கியதிலிருந்து வலது முழங்கால் நோகிறது. முன்பக்கம், முழங்காற் சிரட்டையைச் சுற்றியும் அதற்குச் சற்றுக் கீழேயும். காலையில் பரந்தன் சந்தி வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சந்தியில் இடது பக்கம் திரும்பி ஏ9இல் கிளிநொச்சிப் பக்கம் பிடித்தவுடன் காற்று நெஞ்சில் அடிக்கும், அங்கிருந்துதான் ஒவ்வொரு உழக்கிலும் ஊசி குத்துவது போல வரும். கந்தோரில் இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு எழும்பும்போது கால் விறைத்துப் போய் இருக்கிறது. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். இடது காலில் ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. இரண்டு காலும் ஒரே சைக்கிளைத்தானே உழக்குகின்றன.

சீற் எப்போதும் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படுகிற உயரத்தில்தான் இருந்தது. ஒரு கடையில் காட்டியபோது இன்னும் ஓர் இஞ்சி இறக்கிவிட்டார்கள், முழங்காலுக்குச் சுகமாக இருக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு நோ கூடியதே தவிரக் குறையவில்லை.

வெளிநாடுகளில் சைக்கிளை ஆளின் உடம்புக்கு அளவெடுத்துப் பொருத்துகிறார்கள், பைக் ஃபிட் என்று சொல்கிறார்கள். அதை நாங்களே வீட்டில் செய்துகொள்ள வழி இருக்கிறதா? ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டுமா? நிறுத்தினால் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும், நான் முடிக்கிற நேரத்துக்கு அது ஒத்துவராது.

குளக்கட்டு

தம்பி, முப்பது வருடம் சைக்கிள் திருத்தியவன் சொல்கிறேன், முதலில் அந்த இறக்கின ஓர் இஞ்சியை இன்றைக்கே திரும்ப ஏற்றுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம்.

எங்கள் ஆட்கள் சீற்றைப் பதிவாக, உயரம் குறைத்து, வைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணில் காண முடியாது, நெல்மூட்டை, விறகு, தண்ணீர்க் கான், காய்ச்சல் பிள்ளை, எல்லாமே கரியரில்தான் போயின. அந்தப் பாரத்தோடு வண்டி ஒரு பக்கம் சரிந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும். அதற்காக வைத்த உயரம் அது. பாரம் போய்விட்டது, உயரம் மட்டும் அப்படியே நிற்கிறது. சாப்பாட்டுப் பையோடு கந்தோருக்குப் போகிற ஆளுக்கு அது தேவையே இல்லை.

சரியான உயரம் பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. சைக்கிளைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வழமையாகப் போடுகிற செருப்பு அல்லது சப்பாத்தோடு ஏறி இருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுபோய் அதில் குதிக்காலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் கால் நேராக நீண்டு நிற்க வேண்டும். அப்படி இருந்தால், பிறகு முன்பாதத்தை வைத்து உழக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு தானாகவே வரும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கால் மட்டும் நோகிறது என்கிறீர்களே, அதைக் கேட்டவுடன் என் கை பெடலுக்குத்தான் போகும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் பூட்டியிருக்கிற கிராங்கை மெதுவாகச் சுற்றியபடி வலது பெடலைப் பின்பக்கம் இருந்து பாருங்கள். ஒரே நேரில் சுழல வேண்டும். மேலும் கீழும் தலையாட்டினால் அதன் அச்சு வளைந்திருக்கிறது. எங்கேயாவது விழுந்து பெடல் நிலத்தில் அடித்திருந்தால் அது வளையும், ஓடுகிற ஆளுக்கு உடனே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதம் உள்ளே ஒரு தரம் வெளியே ஒரு தரம் சரியும், அதோடு சேர்ந்து முழங்காலும் அலையும். 16 கிலோமீற்றர் போய் வர எத்தனை ஆயிரம் தரம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு கிராங்கை அச்சில் இறுக்கிப் பிடிக்கிற கொட்டர்பின்னையும் பாருங்கள், பழைய லுமாலா என்றால் அது இருக்கும். இடது கிராங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலதை ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வந்தால் பின் தேய்ந்துவிட்டது. தேய்ந்த பின்னோடு இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. இடது கால் கீழே போய் முடிந்த பிறகும் வலது கால் மேலே வந்து முடிந்திராது. புதுப் பின் போடும்போது அராவிப் போடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், சுத்தியலால் அடித்து ஏற்றிவிடுகிறவர்களிடம் வேண்டாம்.

இயன்மருத்துவம்_வவுனியா

அண்ணா, நேரில் கால் பிடித்துப் பார்க்காமல் இதுதான் வருத்தம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய மூன்றும், அதாவது சிரட்டையைச் சுற்றி முன்பக்க நோ, படி இறங்கும்போது கூடுவது, கன நேரம் முழங்காலை மடித்து இருந்துவிட்டு எழும்பும்போது விறைப்பது, சேர்ந்து வந்தால் சிரட்டை தொடை எலும்போடு அழுத்துப்படுகிற இடத்தில்தான் முதலில் சந்தேகப்படுவோம். சீற் பதிவாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடிகிறது. அப்படி மடிந்த நிலையில் பலம் கொடுத்து மிதித்தால் அந்த அழுத்தம் பல மடங்காகும். அதனால்தான் சீற்றை இறக்கியபோது நோ கூடியது. குளக்கட்டு ஐயா சொன்னது முழுக்கச் சரி.

பொதுவாக நோ எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. முன்பக்கம் என்றால் பெரும்பாலும் சீற் பதிவு, அல்லது பாரமான கியரில் மெதுவாக உழக்குவது. முழங்காலுக்குப் பின்பக்கம் நோகிறதென்றால் சீற் மிஞ்சின உயரம், கால் எட்டிப் பிடிக்க இழுபடுகிறது. வெளிப்பக்கமோ உட்பக்கமோ என்றால் பாதம் பெடலில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது பாதம் இயல்பாக எப்படித் திரும்பி நிற்கிறதோ அப்படியே பெடலிலும் இருக்க விடுங்கள், நேராக்குகிறேன் என்று முறுக்க வேண்டாம்.

அளவெடுக்க ஒரு கொப்பியும் நாடாவும் போதும். வெறுங்காலோடு சுவரில் முதுகை வைத்து நின்று, ஒரு தடித்த கொப்பியைக் கால்களுக்கு இடையில் சீற்றில் இருப்பது போல மேலே இறுக்கி, அதன் மேல்விளிம்பு சுவரில் படுகிற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். நிலத்திலிருந்து அந்தக் குறி வரைக்கும் உள்ளது உள்காலின் நீளம். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தை 1986இல் வென்ற கிரெக் லெமண்டின் பெயரோடு சொல்லப்படுகிற கணக்கு இது. இன்னொரு கணக்கில், உள்காலை 1.09ஆல் பெருக்கினால் ஆகக் கீழே நிற்கிற பெடலிலிருந்து சீற் வரை உள்ள தூரம் வரும். இரண்டும் தொடக்கப் புள்ளிதான். கடைசியில் பார்க்க வேண்டியது, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்கிறதா என்பது. யாரையாவது பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தி அளக்கலாம்.

ஒன்று மட்டும் கேளுங்கள். உயரத்தை ஒரே நாளில் முழுதாக மாற்ற வேண்டாம். ஒவ்வொரு சென்ரிமீற்றராக ஏற்றி, மூன்று நான்கு நாள் ஓடிப் பார்த்து, பிறகு அடுத்தது.

ஓட்டத்தை முழுதாக நிறுத்தத் தேவையில்லை, ஆனால் இரண்டு கிழமைக்குப் பாதித் தூரமாவது குறைக்கப் பாருங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிரே உழக்குவதை மட்டும் செய்யாதீர்கள், நோ சொல்கிற செய்தி உங்களுக்குக் கேட்காமல் போய்விடும். இரவில் படுத்திருந்து காலை நேராக நீட்டியபடி ஒரு அடி உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள், பத்துத் தரம். பக்கவாட்டில் படுத்து மேல் காலை உயர்த்துவதும் அப்படியே. தொடையும் இடுப்பும் பலமாக இருந்தால் சிரட்டை தன் பாதையில் ஓடும். நல்லெண்ணெய் பூசுவதால் கெடுதல் இல்லை, சுகமாக இருக்கும், ஆனால் காரணம் சைக்கிளில் இருந்தால் அது எண்ணெயில் போகாது.

முழங்கால் வீங்கினால், மடிந்தபடி பூட்டிக்கொண்டால், நிற்கும்போது தாங்காமல் மடங்கிவிட்டால், சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அல்லது கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

புதுக்குடியிருப்பு_ரொறன்ரோ

அண்ணை, நான் போன வருடம் இங்கே அந்த பைக் ஃபிட் செய்தேன், இருநூறு டொலருக்கு மேல் போனது, இரண்டு மணித்தியாலம் எடுத்தது. சைக்கிளை ஒரு ஸ்ராண்டில் பூட்டி, இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் புள்ளி ஒட்டி, கமராவில் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். உண்மையைச் சொன்னால் கடைசியில் மாறினது மூன்றே விஷயம். சீற் இரண்டு சென்ரிமீற்றர் மேலே போனது, கொஞ்சம் பின்னுக்குப் போனது, ஹாண்டில் சற்று உயர்ந்தது. மேலே அக்கா சொன்ன அளவைத்தான் அவர்களும் எடுத்தார்கள்.

சீற் முன்னுக்கா பின்னுக்கா என்று பார்க்க மேசன் வைத்திருக்கிற தூக்குக்குண்டு போதும், இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டுங்கள். இரண்டு பெடலும் நிலத்துக்குச் சமமாக நிற்கும்போது முன்னுக்கு நிற்கிற முழங்காலின் சிரட்டைக்குக் கீழே நூலைப் பிடித்தால், குண்டு பெடல் அச்சுக்கு நேரே தொங்க வேண்டும். அது கட்டாயம் சரியாக வர வேண்டும்.

அடுத்தது கியர். உங்கள் சைக்கிளில் கிராங்கோடு இருக்கிற முன் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின் சில்லில் செயின் ஓடுகிற பிறீவீலில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சைக்கிளில் முன்னுக்கு 44, பின்னுக்கு 18 இருந்தது. 26 இஞ்சிச் சில்லு என்றால் ஒரு சுற்று உழக்க ஐந்து மீற்றர் போகும். எதிர்க்காற்றில் மணிக்கு 12 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டால் நிமிடத்துக்கு 40 சுற்றுத்தான் வரும், அது உழக்குவதல்ல, படி ஏறுவது மாதிரி. அதோடு காற்று கணக்குப் பார்த்து அடிப்பதில்லை. நீங்கள் 15இல் போகும்போது எதிரே 15இல் காற்று வந்தால் காற்றின் இழுவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. பின்னுக்கு 22 பல் பிறீவீல் போட்டால் அதே 12இல் 48 சுற்று வரும், ஒவ்வொரு மிதியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசாகும். இறங்கு காற்றில் வேகம் கொஞ்சம் குறையும்தான், குறையட்டும். செயினுக்கு ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம்.

இயன்மருத்துவம்_வவுனியா

தம்பி, கியர் கணக்கு அருமை. தூக்குக்குண்டு கட்டாயம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அது வேலையைத் தொடங்க ஒரு நல்ல இடம், உடம்பு அந்த நேர்கோட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல. தொடை நீளமான ஆளுக்கு ஒரு சென்ரிமீற்றர் பின்னுக்கு நின்றாலும் சுகமாக இருக்கும். முன்பக்கம் நோகிற ஆளுக்குச் சீற்றை மிஞ்ச முன்னுக்குத் தள்ளுவதுதான் ஆகாது.

முத்தையன்கட்டு

நானும் ஒரு விஷயம் எழுதுகிறேன், இங்கே பலருக்கு உதவும். எனக்கு 2009இல் காயப்பட்டு இடது கால் இரண்டு சென்ரிமீற்றர் கட்டை. கன காலம் சைக்கிள் எனக்குச் சரிவராது என்று விட்டிருந்தேன். சீற்றை நீளமான காலுக்கு வைத்தால் கட்டைக் கால் எட்டாமல் இடுப்பு ஆடும், முதுகு பிடிக்கும். கட்டைக் காலுக்கு வைத்தால் வலது முழங்கால் நோகும். பிறகு ஒருநாள் தச்சு வேலை செய்கிற மச்சான் முதிரைப் பலகையில் ஒரு துண்டு வெட்டி, பெடலின் இரண்டு பக்கமும் வைத்து, பழைய ரயர்த் துண்டை அதன் மேல் போட்டு நட்டால் இறுக்கித் தந்தார். முதலில் இரண்டு சென்ரிமீற்றரும் வைத்தோம், அது கூடிப்போனது. ஒன்றேகால் அளவில் சுகமாக இருந்தது. இப்போது ஒட்டுசுட்டானுக்குச் சந்தைக்குப் போய் வருகிறேன், முழங்காலும் முதுகும் சும்மா இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு கால் கட்டையான ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் சரிவராது என்று விட்டவர்கள் ஒருக்கா பெடலை உயர்த்திப் பார்க்கட்டும்.

இயன்மருத்துவம்_வவுனியா

மிகவும் நன்றி அண்ணா. நீங்கள் கண்டுபிடித்ததுதான் சரியான முறை. வித்தியாசம் முழுவதையும் நிரப்புவதில்லை, அரைவாசியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதுதான் வழமை. பலகை இறுக்கம் விட்டுக் கழலவில்லையா என்று மட்டும் மாதம் ஒருக்கா பாருங்கள்.

தருமபுரத்தான்

நான்கு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

முதல் நாள் மகள்தான் கொப்பியும் பென்சிலும் பிடித்தாள். உள்கால் 79 சென்ரிமீற்றர். 0.883ஆல் பெருக்க 69.8 வந்தது. மற்றக் கணக்கில் 86.1, அதில் கிராங்க் 16.5ஐக் கழிக்க 69.6. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதைக் கண்டவுடன் நம்பிக்கை வந்துவிட்டது. என் சீற் எங்கே இருந்தது தெரியுமா? 63இல். ஆறரைச் சென்ரிமீற்றர் பதிவாக வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் உழக்கியிருக்கிறேன்.

குளக்கட்டு அண்ணை சொன்னபடி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்கைச் சுற்றி வலது பெடலைப் பார்த்தேன். கோழி நடக்கும்போது தலையை ஆட்டுமே, அப்படி ஆடியது. இடது பெடல் அம்மி மாதிரி அசையாமல் சுழன்றது. அப்போதுதான் நினைவு வந்தது, மார்கழி மழைக்கு வாய்க்கால் மதகடியில் தண்ணீருக்குள் பள்ளம் தெரியாமல் வலது பக்கம் விழுந்தேன். பெடல் கொங்கிறீற்றில் அடித்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் நோ வரவில்லை, காற்று தொடங்கி அழுத்தி மிதிக்க வேண்டி வந்தபோதுதான் காட்டியிருக்கிறது. இரண்டு பெடலையும் மாற்றினேன். கொட்டர்பின் நல்லாகத்தான் இருந்தது.

சீற்றை நான்கு நாளுக்கு ஒரு சென்ரிமீற்றராக ஏற்றி இப்போது 67இல் நிற்கிறது. முதலில் பயமாக இருந்தது, பரந்தன் சந்தியில் நிறுத்தும்போது கால் நிலத்துக்கு எட்டாது. இப்போது நிறுத்த முதலே சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கிப் பாருக்கு மேலே நிற்கப் பழகிவிட்டேன், மூன்று நாளில் பழகியது. பிறீவீலில் 22 கிடைக்கவில்லை, 20 போட்டேன். காற்றுக்கு எதிரே போகும்போது வித்தியாசம் தெரிகிறது.

நோ கந்தோர்ப் பயணத்தில் இப்போது இல்லை. படி இறங்கும்போது இன்னும் இலேசாகத் தெரிகிறது, ஆனால் முன்பு போல இல்லை. போன ஞாயிறு முறிகண்டி வரை போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் களைத்திருந்தது, அடுத்த நாள் காலை ஒன்றும் இல்லை. காலை உயர்த்துகிற அப்பியாசத்தை நிறுத்தவில்லை அக்கா.

இன்னும் ஒரு சிக்கல். 67க்கு மேல் ஏற்ற சீற் பைப் போதவில்லை, உள்ளே ஓர் இஞ்சிதான் நிற்கும் போல இருக்கிறது. அப்படியே ஏற்றலாமா?

குளக்கட்டு

கூடாது தம்பி. ஆகக் குறைந்தது இரண்டரை இஞ்சியாவது உள்ளே நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பள்ளத்தில் விழும்போது பைப் வளையும் அல்லது சட்டம் வெடிக்கும். பழைய பைப்பைக் கழற்றிக் கொண்டுபோய் அதே தடிப்பில் நீளமானது வாங்குங்கள். தடிப்பு ஒரு நூல் குறைந்தாலும் தகரத் துண்டைச் சுற்றி இறுக்கிவிடலாம் என்பார்கள், வாங்காதீர்கள், மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் திரும்பவும் 63இல் ஓடுவது உங்களுக்கே தெரியாது.

சீற் ஏறியதும் ஹாண்டில் பதிவாகத் தெரிந்து உள்ளங்கை நோகலாம். அதையும் உயர்த்தலாம், ஆனால் உங்களுடையது கம்பி பிரேக் என்றால் கம்பியின் நீளத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும், பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் றோட்டில் இறக்காதீர்கள். சரியான உயரம் வந்தவுடன் பைப்பில் ஆணியால் ஒரு கோடு கீறி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முதல் கழற்றிக் கிறீஸ் பூசிப் போடுங்கள், இல்லாவிட்டால் துருவேறி உள்ளேயே ஒட்டிப்போகும்.